பி.பி. நம்பரும் பிரவுசிங் சென்டரும்

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்குத் தெரியும், இந்தத் தொழிலில் பாதி நேரம் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவதிலேயே போய்விடும். அதிலும் கிராமத்தில் நடத்தியவர் என்றால் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் அழலாம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அங்கே நான் சென்டர் வைத்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரே ஒரு டெலிபோன் லைன். "பொம்பளைக்கு இது எதுக்கு?" என்று கேட்டவர்களே பிறகு பிள்ளைகளின் ரிசல்ட் பார்க்க என் வாசலில் நின்றார்கள். நானும் நன்றாக நிற்க விட்டுத்தான் உள்ளே கூப்பிட்டேன்.

நெற்றி வரைக்கும் மாப்பிள்ளை

எங்கள் லைனில் ஒரு போட்டோவைத் திறந்தால் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். துபாய் மாப்பிள்ளையின் போட்டோ மெயிலில் வந்திருக்கிறது என்று ஒரு நாள் ஒரு குடும்பமே வந்து இறங்கியது. கூடவே பெண்ணும். முதலில் வானம் வந்தது. பிறகு ஈச்ச மரத்தின் உச்சி. பிறகு தலைமுடி. "முடி நல்லா அடர்த்தியா கீது" என்றார் அத்தை. நெற்றி வந்ததும் "படிச்ச களை" என்றார் மாமா. புருவம் எட்டிப் பார்க்கிற நேரத்தில் லைன் கட்.

எத்தனை தடவை டயல் செய்தும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையை நான்தான் ஒளித்து வைத்துவிட்ட மாதிரி எல்லோரும் என்னை முறைத்தார்கள். பெண் மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "நெத்தி வரைக்கும் எனக்கு சம்மதம்க்கா. மீதிய நாளைக்குப் பாத்துட்டு சொல்றேன்."

யாரோடு இவ்வளவு பேச்சு?

பி.பி. நம்பர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து வைப்பார்கள். போன் வந்தால் அவர்களை நாம் கூப்பிட்டு விட வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு என் நம்பர்தான் பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்துவிட்டார்கள், என்னைக் கேட்காமலே.

வம்பு எங்கே வந்தது என்றால், இன்டர்நெட் ஓடுவதும் அதே லைனில்தான். கம்ப்யூட்டர் கனெக்ட் ஆகியிருக்கும் வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான். எதிர்வீட்டு ரத்தினம் அண்ணன் ஒரு நாள் சண்டைக்கே வந்துவிட்டார். மகளுக்குப் பிரசவ நேரம், மருமகன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, கடைசியில் பஸ் ஏறி வந்துதான் சேதி சொன்னாராம். இன்டர்நெட்டில் இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று நான் விளக்கினேன். அவர் மோடத்தையே முறைத்துப் பார்த்தார். "அது சரிமா, காலையிலேர்ந்து இது யாரோடதான் பேசிகினு கீது?"

வரிசையில் நான்

இன்னொரு லைனுக்கு எழுதிக் கொடுத்தேன். கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன் மேலிருந்தபடியே கையை விரித்தார். எங்கள் ஊருக்கு வரும் கேபிளில் ஒரு இணைப்புக்குக்கூட இடமில்லையாம். சென்னை ஓரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நாவலூரில் இருந்த என் தங்கையோ, அவர்கள் அபார்ட்மென்டில் நெட் பாட்டுக்கு நெட் ஓடுகிறது, போன் பாட்டுக்குப் போன் அடிக்கிறது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள். இங்கிருந்து நாவலூர் என்ன அமெரிக்காவா? எனக்கு வயிறு எரிந்தது. அதை அப்படியே லைன்மேனிடம் கொட்டினேன். அவர் நிதானமாக இறங்கி வந்து சொன்னார்: "யாராச்சும் போனே வேணாம்னு திருப்பிக் குடுத்தாதான்க்கா உனக்கு லைனு. ஊர்ல எவனாச்சும் குடுப்பானா?"

கஸ்தூரிக்கு வந்த போன்

பின்தெரு கஸ்தூரி செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பொழுதெல்லாம் என் கடையில் எனக்கு ஒத்தாசையாக இருந்தவள். நாவலூர் கம்பெனி ஒன்றில் எழுத்துத் தேர்வு எழுதிவிட்டு வந்திருந்தாள். வெளிநாட்டில் இன்டர்நெட் தகராறு செய்தால் அங்கிருப்பவர்கள் இங்கே போன் போடுவார்கள், இவள் வழி சொல்ல வேண்டும். அதுதான் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. அவள் அப்பாவுக்கு விபத்தில் கால் போய் ஆட்டோ சும்மா நின்றுகொண்டிருந்தது. அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

முடிவு மெயிலில் வரும் என்றார்கள். மெயில் தவறிவிடக் கூடாதே என்று நான் காலையிலிருந்து லைனைக் கட் செய்யாமலே வைத்திருந்தேன். சாயங்காலம் மூன்றரைக்கு மெயில் வந்தது. 'போன் இன்டர்வியூவுக்காகக் காலையிலிருந்து உங்களை அழைக்கிறோம். எப்போதும் எங்கேஜ்டு. நான்கு மணிக்குள் கிடைக்காவிட்டால் வேறொருவரை எடுத்துக்கொள்வோம்.' அவள் கொடுத்திருந்தது என் பி.பி. நம்பர்! அவள் மெயிலுக்காகக் காத்திருந்ததால்தான் அவளுக்குப் போன் வரவில்லை.

மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர் கத்தினார், கத்தட்டும். மெயிலில் இருந்த நம்பரைச் சுழற்றினால் அது எங்கேஜ்டு. வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மணி அடித்தது. "கோவிந்தம்மாவைக் கூப்பிட முடியுமா?" "முடியாது!" என்று வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதைக் குறைவாக நான் யாரிடமும் பேசியதில்லை. நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மறுபடி மணி.

கஸ்தூரி ரிசீவரை எடுத்தாள். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தாள். கனெக்‌ஷன் அடிக்கடி அறுந்துபோகிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. அவ்வளவுதான், பெண் நிமிர்ந்துவிட்டாள். வேறு யாராவது ரிசீவரை எடுத்தார்களா, மழையில் இணைப்புப் பெட்டி நனைந்ததா, வயரை எலி கடித்ததா, மோடம் சூடாகிவிட்டதா என்று என் கடையில் பார்த்ததையெல்லாம் மூச்சு விடாமல் அடுக்கினாள். எலி என்றதும் அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. மறுநாளே வேலைக்கான மெயில் வந்தது. நான் வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தாள். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒரே பேஜாருக்கா. அங்க லைனு கட்டே ஆவறதில்ல, எப்ப எழுந்து டீ குடிக்கிறதுன்னே தெரியல."

நல்ல லைனையெல்லாம் நாவலூருக்கே கொடுத்துவிட்டாலும், கெட்டுப்போன லைனைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஊருக்குத்தான் போன் போட்டாக வேண்டும்.