அம்புக்குறி போட்ட கற்கள்

கல்லுக்கு வடக்குத் தெரியும். எம்.எஸ்சி. படிக்கும்போது இந்த ஒரு விஷயம் என்னைப் பித்துப் பிடிக்க வைத்திருந்தது. பூமிக்கு அடியிலிருந்து குழம்பாக ஏறி வரும் கல் ஆறி உறையும்போது, அன்றைக்கு வடக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அதைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் கண்டம் நகரலாம், திரும்பலாம், கல் பழைய வடக்கை விடாது. எழுபதுகளின் கடைசி அது. கண்டங்கள் நகர்கின்றன என்பதை எங்கள் ஜியாலஜி டிபார்ட்மெண்ட் வாத்தியார்களில் பாதிப் பேர் முழுசாக நம்பவில்லை. பழைய நோட்ஸையே வாசித்துவிட்டுப் போனார்கள். நான் நம்பினேன். இருக்கிற இடத்தை விட்டு நகர முடியும் என்று யார் சொன்னாலும் நம்புகிற நிலையில் இருந்தேன்.

கொடைக்கானலில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் சரிவில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மாவுக்கு ஒரு விருந்தினர் விடுதியில் அறை சுத்தம் செய்கிற வேலை. கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருந்தாலும் அங்கிருந்த மேடம் அம்மாவைக் கூப்பிட்டு, வாயைத் திறக்காமல், தடத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்ப்பார். அதனாலோ என்னவோ, கறையைக் கண்டால் அம்மாவின் கை சும்மா இருக்காது.

வடநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கல்லின் காந்தத்தை அளக்கும் கருவி இருந்தது. அதை நடத்திய பேராசிரியர் எனக்கு ஆராய்ச்சி இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, திசை குறித்த கற்கள் என்னிடம் தயாராக இருக்க வேண்டும். கோடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் வரும்போது வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றார். இந்த இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம். அய்யம்பாளையத்தில் மாமா மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார்.

பூம்பாறை போகும் சாலையில் ஒரு வளைவில், வெளிறிய பாறைக்கு நடுவே கறுப்புச் சுவர் மாதிரி ஏறி நின்றது நான் தேடிய கல். அதை எடுக்க ஒரு முறை உண்டு. முதலில் சுத்தியலைத் தள்ளி வைக்க வேண்டும். இரும்பு பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி பொய் சொல்லும். பிறகு, கல் மலையோடு ஒட்டியிருக்கும்போதே, அதன்மேல் வடக்குப் பார்த்து அம்புக்குறி போட வேண்டும். எண் எழுதிய பிளாஸ்திரியை ஒட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அடி. உடைத்து எடுத்தபின் போடும் அம்புக்குறிக்கு மதிப்பே கிடையாது. டிபார்ட்மெண்ட் பெயிண்ட் டப்பா காய்ந்துபோயிருந்ததால் மெழுகு பென்சிலால் போட்டேன். மழைக்கு அழியாது என்றார் கடைக்காரர். மழைக்கு அழியவும் இல்லை.

பூண்டு வயலுக்குப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். “என்ன சோலி புள்ள இது? கல்லுக்கு அடிபட்டுச்சாக்கும், பிளாஸ்திரி ஒட்டுற?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தோம். நான் வேலையை முடித்த கொஞ்ச நாளில் சாலையை அகலப்படுத்த அந்த வளைவுக்கு வெடி வைத்தார்கள். கறுப்புச் சுவர் ஜல்லியாகிவிட்டது. எனக்குக் கவலையில்லை, கற்கள்தான் வீட்டில் பத்திரமாக இருக்கின்றனவே.

பேராசிரியர் வந்த அன்று காலை, அவரை அழைத்து வர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், விடுதியிலிருந்து இரவல் வாங்கிய வெள்ளை விரிப்பு எங்கள் மேஜைமேல். அதன்மேல் என் கற்கள், எண்ணெய் தடவிய தோசைக்கல் போல மின்னிக்கொண்டு, வரிசையாக. ஒன்றில்கூடப் பிளாஸ்திரி இல்லை. அம்பும் இல்லை.

“வெள்ளனே எந்திரிச்சு வெந்நி வச்சுத் தேய்ச்சேன்” என்றாள் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. “ஒரே கிறுக்கலும் பிசுக்குமாக் கெடந்துச்சு. பெரிய மனுசரு பாக்க வர்றப்ப அப்படியே வைக்க முடியுமா?”

அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உட்காரச் சொல்கிறார் என்றேன்.

உட்கார்ந்தார். ஒரு கல்லை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். அடுத்ததை எடுத்தார். அம்புக்குறி எங்கே என்று கேட்டார்.

அம்மா டீ தட்டோடு நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் டவல், சோப்பு, சாரி மேடம் அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் இவர் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்தப் பார்வையைப் புரிந்துகொள்ள அம்மாவுக்கு எந்த மொழியும் வேண்டாம். அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் வாய் சொன்னது வேறு.

“குறிக்க மறந்துவிட்டேன் சார்.”

முதலாண்டுப் பிள்ளைகள்கூட மறக்க மாட்டார்கள் என்றார். இந்தக் கற்களை எந்தத் தெருவிலும் பொறுக்கலாம் என்றார். டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து போனார். கழுவியது யார் என்று தெரிந்திருந்தால் இன்னொரு வருஷம் பொறுத்திருப்பாரோ? வேறு எங்காவது கல் தேடச் சொல்லியிருப்பாரோ? இந்தக் கேள்வி என்னைத் தின்றது போல வேறெதுவும் தின்றதில்லை.

கல்யாணம் நடந்தது. எண்பதுகள் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். கண்டங்கள் நகர்கின்றன என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்ப மனமில்லாமல் சுவரைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். காலையில் ஏன் விழித்தோம் என்றிருக்கும். அய்யம்பாளையம் வீட்டு வாசலிலிருந்து மலை தெரியும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் துணி காயப்போடுவேன். கணவர் நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அது இன்னும் மோசம், யாரைத் திட்டுவது?

ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம் போயிருந்தேன். என் கற்களை ஜெரேனியம் தொட்டிகளைச் சுற்றி அடுக்கி வைத்திருந்தாள். பத்து வருஷம் ஆகியும் ஒன்றில்கூடப் பாசி ஏறவில்லை. அவள் ஏறவிட்டதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

“ஏ புள்ள, அன்னைக்கு அந்த சார் ஒரு கல்லுகூட எடுத்துக்கிட்டுப் போகலயே. நான் இன்னும் நல்லாத் தேய்ச்சிருக்கணுமோ?”

“இல்லம்மா. நல்லாத்தான் தேய்ச்சிருந்த.”

அம்மா நம்பவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்து, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.