அறந்தாங்கியில் மரியாச்சி கேட்டேன்

கரி பஸ் அறந்தாங்கியில் நின்றுவிடுகிறது. கண்டக்டர் பஸ்ஸுக்குப் பின்னாலிருக்கும் கரி அடுப்பைக் கிண்டிக்கொண்டிருக்க, நான் காப்பிக்கடைக்குள் நுழைகிறேன். கிராமபோனில் நாலைந்து பிடில்கள் ஒன்றாகத் துள்ளுகின்றன. பாடுகிறவன் நடுவில் "ஆய்யாய்யாய்!" என்று கூவுகிறான். இப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை.

என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் கடைக்காரர் ஊசியைத் தூக்கிவிடுகிறார்.

"யாரு தம்பி தவறுனது?"

"ஆத்தாங்க. நேத்துத்தான் பதினாறு முடிஞ்சுச்சு."

"அடடா. ஒரு வருசத்துக்குப் பாட்டு, மேளம் கேக்கக் கூடாதேப்பா."

"தெரியும்ங்க. ஆனா இதக் கேக்கணும்போல இருக்கு. என்னா பாட்டுங்க?"

"மெக்சிகோ தேசத்துப் பாட்டு. மரியாச்சின்னு பேராம். கப்பல்ல வேலை பாக்குற மச்சினன் குடுத்தான். கல்யாணப் பாட்டா, எழவுப் பாட்டான்னு அவனுக்கே தெரியாது."

கொஞ்சம் யோசித்தவர் முகம் மலர்கிறது.

"ஒப்பாரின்னா நீ கேக்கலாம்ல? இது ஒப்பாரிதான், போ!"

சாவி கொடுக்கிறார். பிடில்கள் மறுபடி துள்ளுகின்றன, அவன் மறுபடி கூவுகிறான். ஆத்தா இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, சிரிப்பும் வருகிறது.

"தம்பி," என்கிறார் கடைக்காரர், பெஞ்சுக்கடியில் குனிந்து பார்த்து. "ஒப்பாரிக்குக் காலு இப்பிடித் தாளம் போடக் கூடாதுப்பா."