ஓ நெகட்டிவ் ராஜேஸ்வரி, உடனே கோயிலுக்கு வரவும்

போன செவ்வாய்க்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை வாணிக்கு இரண்டாவது பிரசவம். மாலை நான்கு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. காலை பத்து மணிக்கு நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டார். வாணிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். கையிருப்பு போதாது, வெளியில் கேட்டிருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல முடியாது.

"தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க மிஸ். சீக்கிரமா!"

எனக்கோ ஓ பாசிட்டிவ். கூடப் பிறந்து என்ன பிரயோசனம்?

ஆனால் ஓ நெகட்டிவ் ஆள் ஒருவரை எனக்குத் தெரியும்! ராஜேஸ்வரி! தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். பாய்ந்து போனை எடுத்தேன்... அப்போதுதான் உறைத்தது. அவருடைய நம்பரை ஒருவருக்கும் கிடைக்காமல் செய்த புண்ணியவதியே நான்தான்!

அந்தக் கதை இது. ஆறு மாதத்துக்கு முன்பு அந்தத் தோட்டத்து இளைஞர் மன்றம் ரத்ததான முகாம் நடத்தியது. நல்ல பிள்ளைகள். வந்தவர்களின் பெயர், எந்த லயத்து வரிசை வீடு, ரத்த வகை, போன் நம்பர் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அவசரத்துக்கு உதவுமே என்ற நல்லெண்ணம்தான். ஏற்றலாமா என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

ராஜேஸ்வரிக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. முதலில் "ரத்தம் வேணும்." அப்புறம் "உங்க குரல் நல்லாருக்கே." அப்புறம் "ஒரு போட்டோ அனுப்புங்களேன்." மலையில் கொழுந்து எடுக்கும்போதும், வீட்டில் சோறு வடிக்கும்போதும், முன்பின் தெரியாத ஆண்கள்... அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். அதனால் என்னிடம் வந்தார்.

"போனைத் தூக்கி ஆத்துல வீசிடலாமான்னு இருக்கு டீச்சர்."

வந்ததே எனக்குக் கோபம்! மன்றத் தலைவர் தினேஷைக் கூப்பிட்டு ஒரு காய்ச்சு காய்ச்சினேன். இதே பத்திரிகைப் பத்தியிலும் 'பிரைவசி, பிரைவசி' என்று ஒரு வாரம் முழங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? பட்டியல் அழிந்தது. ராஜேஸ்வரி புது சிம் வாங்கினார். "புது நம்பரை எனக்குக்கூடச் சொல்லாதீங்க" என்று அன்றைக்கு வசனம் பேசியதும் நானே.

இப்போது? தினேஷுக்குத்தான் போன் போட்டேன்.

"நம்பரா? நீங்கதானே டீச்சர் ஒன்னு விடாம அழிக்கச் சொன்னீங்க..."

குத்திக் காட்டவில்லை, பாவம். உள்ளதைத்தான் சொன்னார். அவர் ஹட்டனில் வேலையில் நின்றார். ராஜேஸ்வரி அன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடமும் விடுமுறை, மகளிடம் கேட்கவும் வழியில்லை.

"நீங்க நேரா கோயிலுக்குப் போங்க டீச்சர். மைக் இருக்கு. அதுல கூப்பிட்டா எந்த மலையில இருந்தாலும் கேக்கும்."

ஆட்டோ பிடித்தேன். ஒன்றேகால் மணி நேரம். ஒவ்வொரு வளைவிலும் கடிகாரத்தைப் பார்த்தேன். டிரைவர் தம்பி திரும்பி, "பயப்படாதீங்க டீச்சர், ஆள் கெடைப்பாங்க" என்றார். "நீ ரோட்டைப் பாருப்பா!" என்று கத்தினேன்.

கோயில் பூசாரி விஷயத்தைக் கேட்டதும் மைக்கைத் துடைத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். "டீச்சர் நீங்களே பேசுங்க. உங்களுக்குத்தான் பேச வரும்."

பேசினேன். எப்படி?

"ஓ நெகட்டிவ் ராஜேஸ்வரி... கீழ் டிவிஷன் மூணாம் லயத்து ராஜேஸ்வரி... ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம்... உடனே கோயிலுக்கு வரவும்!"

மூன்று தடவை! பெயர், லயம், ரத்த வகை... தினேஷைக் காய்ச்சினேனே, அதே பட்டியல். எதிர்மலையில் பட்டு எதிரொலியாக எனக்கே திரும்பி வந்தது. பிரைவசி முழங்கிய வாய்தான் இது!

அடுத்த நிமிடம் மலையே பேச ஆரம்பித்தது. "ராசேஸ்வரியோவ்... ஒன்னையத்தான்டி!" என்று ஒரு குரல். மேலேயிருந்து இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. தேயிலைக்கு நடுவே ஒரு உருவம் எழுந்தது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடி வருகிறார்! பின்னாலிருந்து கங்காணி கத்துகிறார்: "கொழுந்தை நான் பாத்துக்கிறேன், நீ ஓடு புள்ள!"

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். "ஊருக்கே உங்களை ஏலம் போட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் சிரித்தார். "இதுல என்னங்க டீச்சர் இருக்கு? என் வீட்டுல என்ன கறின்னு லயத்துக்கே தெரியும். நேத்து எங்க வீட்டுல சண்டை, அதுவும் தெரியும். ஊருல எல்லாருக்கும் என்னையத் தெரியும்... ஆனா அவங்க எல்லாரையும் எனக்கும் தெரியும்ல? போன்ல கூப்பிட்டவனுக்கு என்னையத் தெரியுது. அவன் யாருன்னு எனக்குத் தெரியலையே. அதுதாங்க பயம்."

ஒரு பத்தி முழுக்க எழுதியும் நான் தொடாத இடத்தை, ஆட்டோ ஒரு வளைவு திரும்புவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்! நான் வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திச் சோதித்தார்கள். மலையில் உழைக்கும் பெண்கள் பலரை 'ரத்தம் குறைவு' என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். நர்ஸ் ரத்த அளவு காட்டிய எண்ணைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"போதும். உள்ளே வாங்க."

ரத்தச் சோதனையால் ஆபரேஷன் ஒரு மணி நேரம் தள்ளிப்போய், ஐந்தேகாலுக்கு என் தங்கை மகள் பிறந்தாள்! என்ன குரல், என்ன குரல்! வாணி சுகம். நான் வராந்தாவில் குதித்தேன். ஒரு அட்டெண்டன்ட் என்னை முறைத்துவிட்டுப் போனார். முறைக்கட்டுமே!

ராஜேஸ்வரி அதுவரை வீட்டுக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது கையை நீட்டினார்.

"உங்க போனைக் குடுங்க டீச்சர்."

கொடுத்தேன். அவரே தன் நம்பரைத் தட்டிப் பதிந்தார். "பாப்பா எப்பிடி இருக்குன்னு அப்பப்ப சொல்லுங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் அந்த நம்பரை நாலு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். அவ்வளவு பெருமை.

தினேஷும் இப்போது மன்றத்தின் ஒரே நம்பரை மட்டும் இணையத்தில் போட்டிருக்கிறார். யாராவது ரத்தம் கேட்டால், கொடுப்பவரிடம் விசாரித்த பிறகுதான் பதில் சொல்வாராம். சமத்து!

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். ராஜேஸ்வரி என்பது அவர் பெயர் அல்ல. லயமும் மூன்றாம் லயம் அல்ல. போனில் தட்டித் தேடாதீர்கள், அகப்பட மாட்டார். நிஜமாகவே ரத்தம் வேண்டுமென்றால் மலைக்கு வாருங்கள், நாலு பேருக்கு உங்கள் முகத்தைக் காட்டுங்கள், மைக்கில் கூப்பிடுங்கள்...

ஓடி வருவார்.