பால் வெட்டுபவளின் அட்டை

ரப்பர் விலை விழுந்துவிட்டது என்று கேட்டாலே எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்றால் சொல்லத் தெரியாது. கோலா கங்சாருக்கு அப்பால் எனக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பள்ளிக்கூட வேலையில் சேர்த்த காசில் நானே வாங்கியது. குடியிருப்பது ஈப்போவில், புந்தோங்கில். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பால் வெட்டுவது பக்கத்துப் பழைய தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் இன்னும் தங்கியிருக்கும் ஒரு பெண். விற்று வருவதில் அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி.

விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் அரசாங்கம் மானியம் கொடுத்து ஈடுகட்டும். அதற்கு ஓர் அட்டை வேண்டும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்த கட்டிப்பாலைச் சீன வியாபாரி தவுக்கேயின் கடையில் எடை போடும்போது யாருடைய அட்டையைக் காட்டுகிறோமோ, மானியம் அவர் பேரில்தான் வரும். அட்டை என் பேரில் இருந்தது. அவள் பங்கில் ஒரு காசு நான் பிடித்ததில்லை. ஆனால் மானியம் ஆடி அசைந்துதான் வரும். அதுவரை அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த முறை விலை படுத்தபோது அவள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டாள். ஈப்போவில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலைக்குக் கேட்டிருக்கிறாளாம்.

"கோச்சுக்காதீங்க அக்கா. அங்க சம்பளம் என் பேர்ல வரும் லா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் போனால் என் மரங்கள் சும்மா நிற்கும். இந்தக் காலத்தில் வெட்ட ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. மறுநாளே அட்டை கொடுக்கும் ரப்பர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். வெட்டுகிறவரும் தன் பேரில் அட்டை எடுக்கலாம், நிலத்துக்காரர் சம்மதித்தால் போதும் என்றார் முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண். இவ்வளவுதானா என்றிருந்தது.

விஷயம் என் அண்ணன் காதுக்கு எட்டியதும் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். இன்றைக்கு அட்டை கேட்பவள் நாளைக்கு நிலத்தைக் கேட்பாள் என்று குதித்தார். அவர் பயம் வெறும் பயமில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் வெட்டினார்கள். கம்பெனி தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது மூட்டை முடிச்சோடு வெளியே வந்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் கையில் கிடைத்த எதையும் இறுக்கிப் பிடிக்கத்தான் பழகியிருக்கிறார்.

"அம்மா பேரு எதுலயுமே இல்லாம போச்சேன்னு இன்னும் பொலம்புறீங்க. அதையே நான் இவளுக்குச் செய்யணுமா?" என்றேன்.

அவர் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். நான் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவளும் பேரங்காடிக்குப் போகாமல் நின்றாள்.

அட்டை வந்த வாரம் லயத்துக்குப் போனேன். நன்றி சொல்லப் போகிறாள், பெருந்தன்மையாகச் சிரித்து வைக்கலாம் என்று தயாராகத்தான் போனேன். அவள் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டாள். தானும் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இனிமே பாதிப் பங்கு கட்டாது அக்கா. மூணுல ரெண்டு எனக்கு. அட்டை இருக்குன்னு தெரிஞ்சதும் பக்கத்து நெலத்துக்காரர் அப்படித்தான் கூப்பிடுறார்."

எனக்கு மண்டைக்கு ஏறியது. யார் வாங்கிக் கொடுத்த அட்டை இது என்று வாய்வரை வந்துவிட்டது. எழுந்து என் மரங்களுக்குள் போனேன். பட்டைகளைப் பார்த்தேன். ஒரு மரத்தில்கூட வெட்டு ஆழமாக விழுந்து காயமாகவில்லை. என் அம்மா ஒருநாளும் இப்படி நாற்காலியில் உட்கார்ந்து தன் கூலியைத் தன் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, சந்தோஷமாகவே இருந்தது.

திரும்பி வந்து சரி என்றேன். அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

இப்போது தவுக்கே கடையில் அட்டையைக் காட்டுவது அவள். மானியம் வந்து என் பங்கு கைக்குக் கிடைக்கும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நான்.