ஜீப்பில் ஏறி இறங்கிய புள்ளி

என் போன் வரைபடத்தில் அம்மா ஒரு நீலப் புள்ளி. காலையில் ராசிங்காபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஜீப் ஏறுவாள். புள்ளி போடியைத் தாண்டும், மலைப்பாதை வளைவுகளில் விட்டுவிட்டு நகரும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், அவள் காய் எடுக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் டவர் கிடையாது. அதனால் புள்ளி போடிமெட்டு செக்போஸ்ட்டிலேயே சாயங்காலம் வரை நின்றுவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

போன மழைக்காலத்தில் வேலையாட்கள் ஏறி வந்த ஒரு ஜீப் வளைவில் சறுக்கிக் கவிழ்ந்தது. அது அம்மாவின் ஜீப் இல்லை. ஆனால் அவள் வாசலில் வந்து நிற்கும்வரை அது எங்களுக்குத் தெரியாது. அந்த வாரமே அவளுக்கு ஒரு போன் வாங்கி, அவள் இருக்குமிடம் என் போனில் தெரியும்படி செய்துவைத்தேன். இனி பயமில்லை என்று நினைத்தேன். அதற்குமுன் எனக்குப் பயம் மழை நாளில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். போடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று என்னால் சட்டென்று சொல்ல முடியும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அப்படிப்பட்டவள் ஒரு பில்லைப் பதிவதற்குள் இரண்டு தடவை போனைப் புரட்டுவேன். கவிழ்த்து வைப்பேன். கை தானாகப் போய் நிமிர்த்தும். மேஜை டிராயருக்குள் போட்டுப் பார்த்தேன். டிராயர் அதிர்வது போலவே இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"பொழுதன்னைக்கும் புள்ளி அசையவே இல்லம்மா. எனக்குப் பதறுது."

"செடிக்கடியில குந்திக் காய் எடுக்கிறவ எப்படி அசைவா? ஓட்டப் பந்தயமா ஓடுறேன்?"

"அது புரியுது. நின்னா மனசு ஒரு மாதிரி ஆகுது."

"அப்ப அது அசைஞ்சா உனக்குச் சரியாப் போயிரும்?"

"ஆமா."

அம்மா தட்டைக் கழுவப் போய்விட்டாள். பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பதினொரு மணிவாக்கில் புள்ளி அசைந்தது. மேலே இல்லை, கீழே. போடிமெட்டிலிருந்து வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் ஒரு பொம்பளை மலையிலிருந்து இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது. பாம்பு கடித்திருக்கும், இல்லையென்றால் மேலே மரம் விழுந்திருக்கும். அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். அலுவலகத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலுக்குப் போய் நின்றேன். நிற்க முடியவில்லை. சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன்.

அம்மா போகும் ஜீப் வந்தது. கை காட்டி மறித்தேன். பின்னால் ஏலக்காய் மூட்டைகள். ஆள் யாருமில்லை. கண்ணாடியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. அதற்குள் அம்மாவின் போன்.

"அண்ணே, எங்கம்மாவுக்கு என்னாச்சு?"

"அக்காவுக்கு என்ன, மேல காய் எடுத்துக்கிட்டு இருக்கு." டிரைவர் அண்ணன் சாவகாசமாகச் சொன்னார். "காலைல பைய மாட்டிவிட்டுச்சு. எம் மக புள்ளி பாக்கும், நின்னுச்சுன்னா பயந்துக்கிரும், இத எங்கிட்டாவது ஆட்டிக்கிட்டே இரு தம்பின்னுச்சு. நானும் லோடு எறக்க வந்தேன்."

"போன் அத்தனை தடவ அடிச்சுச்சே."

"வளைவுல போன எடுத்தா நெசமாவே எங்களத் தேட வேண்டியதாப் போயிரும் தங்கச்சி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சாயங்காலம் அம்மா வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். மலை முழுக்கக் கதை பரவியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"நீ மதுரை ஆஸ்டல்ல மூணு வருசம் இருந்தப்ப, நான் மேல தோட்டத்துல. டவரும் இல்ல, புள்ளியும் இல்ல."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இல்லாம? வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் கெடந்தேன்." சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த இலையைக் கிள்ளி எறிந்தாள். "ஆனா உன்னைய நான் மேய்க்கல. இப்ப நீ என்னைய மேய்க்கிற. செடிக்குள்ள குனியும்போதெல்லாம், அந்தப் புள்ள பாத்துக்கிட்டு இருக்குமேன்னு முதுகு கூசுது. கை ஓட மாட்டேங்குது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. தவிப்பு என்னோடு நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் எதிரிலேயே என் போனில் புள்ளி தெரிவதை நிறுத்தினேன். போடிமெட்டில் இறங்கியதும் ஒரு தடவை கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டோம்.

இப்போது காலையில் கூப்பிடுகிறாள். "எறங்கிட்டேன்" என்பாள், வைத்துவிடுவாள். அதன்பிறகும் என் கை போனுக்குப் போகிறது. பார்க்க ஒன்றுமில்லாததால் மழை வருமா என்று பார்க்கிறேன். அதையும் நாலைந்து தடவை.

நேற்று இருட்டும் நேரத்தில் மொட்டைமாடிக்குப் போனேன். மலைப்பாதையில் ஜீப்புகளின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. எது அம்மாவுடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். தெருமுனையில் ஜீப் நின்ற சத்தம் கேட்டுத்தான் கீழே வந்தேன்.

"மாடில என்ன சோலி?" என்றாள் அம்மா.

"துணி எடுக்கப் போனேன்."

"துணியத்தான் காலைலயே எடுத்து வச்சுட்டுப் போனேனே" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள்.