கிளம்பி நிற்கிறவரிடம் கேட்கக் கூடாதது

எங்கள் ஊரில் வீடுகள் ஏழு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கடலைக் கொல்லையோ தைலமரக் காடோ கிடக்கும். பக்கத்து வீட்டோடு சண்டை போடுவதென்றால்கூடச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இந்த ஊருக்கும் காலையில் ஒரு பஸ் வருகிறது. புதுக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் எனக்கு அதுதான் கதி. அதை விட்டால் மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடை. பாதி நாள் அதில் ஏறுவது நான் ஒருத்திதான். அதனால் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்றும், அதற்கு முன்னால் ஓர் அதிகாரி வந்து ஆள் ஏறுகிறதா என்று பார்ப்பார் என்றும் கண்டக்டர் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். அதிகாரி வருகிற நாளில் என்னோடு சேர்த்துப் பதினாறு பேர் ரோட்டோரம் நின்றோம். பெரியப்பா வெளுத்த வேட்டியும் வெறும் பையுமாக நின்றார். அத்தை கூடையில் ஒரு கோழியைக் கொண்டுவந்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமாம்.

அதிகாரி பஸ்ஸுக்கு முன்பே ஜீப்பில் வந்துவிட்டார். தன்மையான மனிதர். படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, எங்க போறீங்க?"

கிளம்பி நிற்கிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. வீட்டுக்குத் திரும்பிப்போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் 'தூரமா?' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பெரியப்பா வீட்டைப் பார்த்து நடந்தார். அடுத்துக் கேட்கப்பட்ட அத்தை கோழியோடு திரும்பினாள். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்ததால் மனிதர் ஒருவரையும் விடவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வீட்டில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். ஆனால் கால் தானாகத் திரும்பிவிட்டது.

தண்ணீர் குடித்துவிட்டு ஓடி வந்தபோது பஸ் போயிருந்தது. மற்றவர்களும் வாயைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 'ஏறியவர்கள்' என்ற இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு அதிகாரி ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், இப்ப நீங்க எங்க போறீங்க?"

வைத்த காலை அவர் மெதுவாகக் கீழே இறக்கினார்.

"குடிக்கத் தண்ணி இருக்காம்மா?"

என் பாட்டிலை வாங்கிக்கொண்டு அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்தார். பாதி குடித்தவர் நிமிர்ந்து, ஈர வாயோடு நின்ற எங்கள் பதினாறு பேரையும் பார்த்தார். பிறகு படிவத்தை மடியில் விரித்து, பூஜ்யத்தை அடித்துப் பதினாறு என்று எழுதினார். 'ஏறியவர்கள்' என்று அச்சடித்திருந்ததையும் அடித்துவிட்டு, அதன் மேலே பொடி எழுத்தில் 'கிளம்பியவர்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.