ஒரே மூச்சில் இத்தாலியன்

“அல்ட்ஸா லே பிராச்சா பியேகா இல் ஜினோக்கியோ பியானோ பியானோ ரெஸ்பிரா அங்கோரா அல்ட்ஸா லே பிராச்சா…”

மூச்சு விடாமல் பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தொடப் போன வள்ளித்தாயின் இடுப்பைப் பாய்ந்து பிடித்தாள் சோலையம்மாள். இருவரும் வாசலில் சரிந்து விழுந்தார்கள்.

“மூச்சு விட்டுட்ட. அவுட்டு.”

“விடலடி. நீ சேலையப் பிடிச்சு இழுத்த.”

“சாத்தூர்லயும் இதத்தான் சொன்ன.”

சாத்தூர் கபடிப் போட்டிக்கு ஆமத்தூர்ப் பெண்கள் லாரியில் நின்றுகொண்டே போனார்கள். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடம் வள்ளித்தாயிடம் இன்னும் இருக்கிறது. அறுவடை முடிந்த கரிசலில் பாடிப் பழகிய காலம் அது. வீடு திரும்பும்போது முட்டி வரை மண் அப்பியிருக்கும்.

இப்போது இருவருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனி. சம்மணம் போட்டு, காலை முதல் சாயங்காலம் வரை வெடிக்குத் திரி சொருக வேண்டும். உள்ளே யாரும் ஓடக் கூடாது. வேகமாக நடந்தாலே சூப்பர்வைசர் சத்தம் போடுவார். இப்படியே உட்கார்ந்து காலம் முடிந்துபோகும் என்று வள்ளித்தாய் நினைத்திருந்தபோதுதான் அக்கா மகள் எழில் இத்தாலியிலிருந்து கூப்பிட்டாள். அங்கே அவள் நர்ஸ். முட்டி ஆபரேஷன் ஆன ஒரு முதியவளுக்கு தினமும் உடற்பயிற்சி செய்யவைக்க, கூடவே இருக்க ஆள் வேண்டுமாம்.

“நின்னு பாக்குற வேலை சித்தி. ஆனா அவுக பாசையில சொல்லணும்.”

கையைத் தூக்கு, முட்டியை மடக்கு, மெள்ள மெள்ள, மூச்சு விடு, இன்னொரு தடவை. எழில் போனில் பேசி அனுப்பிய சொற்கள் உட்கார்ந்து படித்தபோது மனதில் நிற்கவில்லை. வள்ளித்தாய் ஒருநாள் எழுந்து, காலால் கோடு கிழித்து, கபடிக்குப் பாடுவது மாதிரி பாடிப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டன.

வாசலில் விழுந்து எழுந்த அன்று ஞாயிறு. வேலைக்குச் சரிவருவாளா என்று பார்க்க, சொன்ன நேரத்துக்கு எழில் வீடியோவில் வந்தாள். நாற்காலியில் முதியவள், பின்னால் அவள் மகன்.

“முட்டிய மட்டும் மடக்கச் சொல்லுங்க சித்தி.”

வள்ளித்தாய் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் தனியாக வரவில்லை. பாட்டின் நடுவில் கிடந்த சொல் அது. கோட்டிலிருந்து கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். மூச்சை இழுத்துப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். முதியவள் கையைத் தூக்கினாள். இறக்குவதற்குள் முட்டி வந்தது, மடக்குவதற்குள் மூச்சு வந்தது, மறுபடியும் கை. வள்ளித்தாயால் இடையில் நிறுத்த முடியவில்லை.

“நிப்பாட்டுங்க சித்தி!”

தன் மூச்சு தீர்ந்த பிறகுதான் நிறுத்தினாள். முதியவளின் முகம் சிவந்து கிடந்தது. மகன் குனிந்து தண்ணீர் கொடுத்தான். பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

“எம்புட்டு நேரம்டி பாடுனேன்?”

“அந்தம்மா உசிரு ஊசலாடுற வரைக்கும்” என்றாள் சோலையம்மாள். “ஒன் மூச்சு இன்னும் கொறையல. அதான் கோளாறே.”

மறுநாள் கம்பெனி வேன் ஏழு மணிக்கு வந்தது. சீசன் ஆர்டர் இருந்ததால் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் குறைவு. காலையில் வாங்கி வைத்த போனைச் சாயங்காலம் கேட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் வேறொரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டதாக எழில் அதில் பேசி அனுப்பியிருந்தாள். வள்ளித்தாய் அதைச் சோலையம்மாளிடம் சொன்னாள். வேன் வரும் வரை இருவரும் ரோட்டோரம் நின்றார்கள்.